வழிநூல்களின் காலம்: லினக்ஸில் விளையாட்டும் வீட்டுச் சாவியும்

கணிப்பொறி விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. பிரதி என்றால் கவிதை, நாவல், மிஞ்சிப்போனால் சினிமா என்று வரப்புக் கட்டி வைத்திருப்பவர்கள் அவர்கள். மொழிபெயர்ப்பு, உரிமை, கண்காணிப்பு என்று நாம் இத்தனை வருஷமாகப் பேசிவந்ததெல்லாம் இன்று துலக்கமாக நடந்துகொண்டிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதுதான் அவர்களுக்கு என் பதில். தனியொருவருக்குச் சொந்தமில்லாத லினக்ஸ் இயங்குதளத்தில், விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட விளையாட்டுகளை ஓட்டுகிற காரியத்தைச் சொல்கிறேன்.

பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்னால் 'லினக்ஸ்ல கேம் ஓடுமா?' என்று கேட்டால் ஒரே பதில்தான்: 'ஓடாது, விட்டுத்தள்ளு.' இன்று 'பெரும்பாலும் ஓடும்' என்று பதில் வருகிறது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கில், 2025 அக்டோபரில் லினக்ஸ் பயனர்கள் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். அதே மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. சின்ன எண்தான், என்றாலும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் எத்தனை விளையாட்டு ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பது எனக்குப் போதவில்லை. அது யார் வீட்டில், யார் சொல்கேட்டு ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறாக இருக்கிறது.

1

முதலில் ஒரு தோல்வியிலிருந்து தொடங்கவேண்டும். 1998இல் அமெரிக்காவில் லோகி சாப்ட்வேர் என்று ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. மற்றவர்களின் விண்டோஸ் விளையாட்டுகளை உரிமம் பெற்று, மூல நிரலையே கையில் வாங்கி, லினக்ஸுக்கென்று திருப்பி எழுதி விற்பது அதன் வேலை. 'சிவிலைசேஷன்: கால் டு பவர்', 'சிம்சிட்டி 3000' எல்லாம் இப்படி வந்தன. 2002 ஜனவரியில் கடை சாத்தப்பட்டது. வாங்க ஆள் குறைவு. ஆள் குறைவாக இருந்ததற்குக் காரணம் விளையாட்டு இல்லாதது, விளையாட்டு இல்லாததற்குக் காரணம் ஆள் குறைவு. இந்த நச்சு வட்டத்தை அதற்குப் பிறகு பத்து வருஷம் யாரும் உடைக்கவில்லை.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதனுள்ளேயே மைக்ரோசாப்ட் ஒரு கடையையும் திறந்தது. தெருவே தன்னுடையது என்கிறவன் தெருமுனையில் கடையும் போட்டால் மற்றக் கடைக்காரர்களுக்குப் பயம் வரத்தானே செய்யும். வால்வின் தலைவர் கேப் நியூவெல் அந்த வருஷமே விண்டோஸ் 8 ஒரு பேரழிவு என்று பகிரங்கமாகச் சொன்னார். 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது, 2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. வால்வுக்கு லினக்ஸ் மேல் ஏற்பட்ட காதல் ஒரு வியாபாரியின் தற்காப்பிலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பெட்டிகள் தோற்றன. லினக்ஸுக்கென்று நேரடியாக எழுதப்பட்ட விளையாட்டுகள் நிறைய வரும், அவற்றை நம்பிப் பெட்டி விற்கலாம் என்பது திட்டம். வந்தவை போதவில்லை.

தமிழ் படித்தவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் லோகியும் ஸ்டீம் மெஷினும் முதல்நூலுக்காகக் காத்திருந்து ஏமாந்தன. தனக்கென்று யாராவது எழுதித் தருவார்கள் என்கிற காத்திருப்பு அது.

2

தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாகப் பிரித்து, அதில் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைக்கிறது. லினக்ஸ் விளையாட்டு பிழைத்தது இந்த நான்காவது வழியில்தான்.

வைன் என்ற திட்டம் 1993இல் ஆரம்பித்தது. விண்டோஸ் நிரல் ஒன்று இயங்கும்போது, 'ஒரு ஜன்னல் திற', 'இந்தக் கோப்பைப் படி', 'இவ்வளவு நினைவிடம் கொடு' என்று இயங்குதளத்திடம் ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களை வைக்கிறது. வைன் அந்த வேண்டுகோள்களை வாங்கி லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோள்களாக மாற்றித் தருகிறது. விண்டோஸின் மூல நிரலைப் பார்க்காமல், அது வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் வைத்து இதைச் செய்யவேண்டும். அகராதியே இல்லாமல், ஒருவர் பேசுவதையும் அதற்கு மற்றவர் செய்வதையும் தூரத்தில் நின்று பார்த்தே ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது மாதிரி. முதல் பதிப்பு என்று எண் போட்டு வெளியிட 2008 ஆயிற்று. பதினைந்து வருஷ உழைப்பு.

இடையில் நடந்த ஒரு விஷயம் முக்கியமானது. வைனின் நிரலை யாரும் எடுத்துத் திருத்தி, திருத்தியதைத் திருப்பித் தராமலும் வைத்துக்கொள்ளலாம் என்கிற தாராள உரிமம் அப்போது இருந்தது. டிரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி அப்படி எடுத்து, விளையாட்டுக்கு வேண்டிய பகுதிகளைச் சேர்த்துச் சந்தாவுக்கு விற்றது. சேர்த்ததில் பலவும் பொதுவுக்குத் திரும்பி வரவில்லை. 2002இல் வைன்காரர்கள் உரிமத்தையே மாற்றினார்கள்: திருத்தி வெளியிட்டால் திருத்தத்தையும் வெளியிடு. டிரான்ஸ்கேமிங்கின் அந்தப் பொருள் 2011இல் மறைந்தது, வைன் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் உழைப்பைப் பொதுச்சொத்தாகக் காப்பாற்றிக்கொண்ட வரலாறு உலகில் ரொம்ப அபூர்வம். நம் ஊர் மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டுப்பாருங்கள், சொல்வார்கள்.

2018 ஆகஸ்டில் வால்வ், கோட்வீவர்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை வெளியிட்டது. விண்டோஸ் விளையாட்டின் சித்திர வேலை பெரும்பாலும் டைரக்ட்3டி என்னும் மைக்ரோசாப்ட் மொழியில் நடப்பது. அதை வல்கன் என்னும் பொது மொழிக்கு உடனுக்குடன் மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி என்ற இரண்டும் புரோட்டானுக்குள் இருக்கின்றன. 2022 பிப்ரவரியில் கையடக்கமான ஸ்டீம் டெக் வந்தபோது, தான் லினக்ஸில் விளையாடுகிறோம் என்பதே தெரியாமல் விளையாடுகிறவர்கள் உருவானார்கள். விளையாட்டை எழுதியவருக்கும் தெரியவேண்டியதில்லை. ஆசிரியனின் அனுமதியோ அறிவோ இல்லாமல் பிரதி இன்னொரு மொழியில் வாழ்கிறது. ஆசிரியனின் மரணம் பற்றி நாம் எழுதிக் குவித்ததையெல்லாம் இவர்கள் படித்திருக்க நியாயமில்லை, செய்து காட்டிவிட்டார்கள்.

இங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. லினக்ஸுக்கென்றே நேரடியாக எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் பல இன்றைய லினக்ஸில் ஓடுவதில்லை. அவை நம்பியிருந்த துணை நூலகங்கள் மாறிவிட்டன. அதே விளையாட்டின் விண்டோஸ் வடிவத்தைப் புரோட்டான் வழியாகப் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. முதல்நூல் செல்லரித்துப்போக வழிநூல் நிலைக்கிறது. விண்டோஸின் பழைய மொழிதான் லினக்ஸில் மிகவும் உறுதியான மொழி என்று அவர்களுக்குள் ஒரு கேலி உண்டு. கேலியில் பாதி உண்மை.

மொழிபெயர்ப்பு வருகிற மொழியைச் சும்மா விடாது என்பது நமக்குத் தெரியும். விவிலியத் தமிழ் நம் உரைநடையை என்ன செய்தது, ருஷ்ய நாவல்களின் தமிழ் நம் சிறுகதைக்காரர்களை என்ன செய்தது என்று யோசித்துக்கொள்ளலாம். லினக்ஸுக்கும் அது நடந்திருக்கிறது. கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு, விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. (எழுத்தில் பெரிது சிறிது பார்க்காத நமக்கு இந்தச் சண்டை வேடிக்கையாகத் தெரியலாம்.) 2019இல் வந்த 5.2 கெர்னலில், வேண்டுமானால் வேறுபாடு பார்க்காமலும் இருக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதைக் கேட்ட காரணங்களில் வைனின் தேவையும் ஒன்று. 2025 மார்ச்சில் வந்த 6.14 கெர்னலில் என்டிசிங்க் என்று ஒன்று சேர்ந்தது. பல வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முறைவைத்து நடப்பதை விண்டோஸ் எப்படிச் செய்யுமோ அப்படியே செய்யும் பகுதி அது. பெயரிலேயே விண்டோஸ் என்டி இருக்கிறது. லினக்ஸின் மையத்தில், கெர்னலுக்குள், எதிராளியின் இலக்கணத்தில் ஓர் இயல் எழுதப்பட்டுவிட்டது. இதைச் சரணாகதி என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வந்த சொல்லைத் தன் எழுத்தால் எழுதிக்கொள்கிற மொழி தோற்பதில்லை. அந்த இயலை எழுதியது லினக்ஸ்காரர்கள்தான், அதன் ஒவ்வொரு வரியையும் யாரும் திறந்து பார்க்கலாம்.

3

இதுவரை எல்லாம் நல்ல கதை. கதை முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம்.

பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் கள்ளாட்டம் பெரிய பிரச்சனை. சுவரைத் தாண்டிப் பார்க்கும் கண், குறி தப்பாத கை, எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. அதைத் தடுக்க வந்தவை ஆன்ட்டி-சீட் நிரல்கள். இவற்றில் இரண்டு வகை. ஒன்று விளையாட்டோடு சேர்ந்து, சாதாரண நிரலுக்குரிய அதிகாரத்தில் இயங்குவது. இன்னொன்று கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, கணிப்பொறியில் நடக்கும் சகலத்தையும் பார்ப்பது. 2020இல் வேலரன்ட் விளையாட்டோடு வந்த ரயட் நிறுவனத்தின் வான்கார்ட் இரண்டாவது வகை. நீங்கள் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும், கணிப்பொறி விழிக்கும்போது அதுவும் விழித்துக்கொள்ளும்.

புரோட்டானுக்குள் இந்த இரண்டாவது வகைக்கு வழியே இல்லை. அது நுழைந்து உட்கார விண்டோஸ் கெர்னல் என்று ஒன்று அங்கே கிடையாது, மொழிபெயர்ப்பு மட்டுமே இருக்கிறது. முதல் வகைக்கு வழி உண்டு. ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் விண்டோஸில் கெர்னலுக்குள் போகிறவை என்றாலும், புரோட்டானில் முதல் வகையாக இயங்க 2021 செப்டம்பரில் வழிவிட்டன, ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக் கம்பெனியும் தனித்தனியாகச் சம்மதிக்கவேண்டும். சம்மதித்தவர்கள் உண்டு. சம்மதித்துவிட்டுப் பின்வாங்கியவர்களும் உண்டு: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் 31 முதல் லினக்ஸையும் ஸ்டீம் டெக்கையும் வெளியே தள்ளியது. லினக்ஸின் திறந்த தன்மையே கள்ளாட்டக்காரர்களை இழுக்கிறது என்று காரணம் சொன்னார்கள். அதே வருஷம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் வான்கார்ட் வந்ததும், வைனில் அதை ஆடிவந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது. 2025இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6, செக்யூர் பூட் என்னும் முத்திரை முறை இயங்கினால்தான் ஓடும், லினக்ஸில் ஓடாது.

கம்பெனிகள் சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. விதி இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. எதிரில் ஆடுகிறவன் ஏமாற்றுகிறான் என்றால் ஆடுகிற ஒவ்வொருவருடைய நேரமும் திருடப்படுகிறது. கெர்னலுக்குள் போகாத காவல் பலவீனமானது என்பதும் நடைமுறையில் தெரிகிறது. லினக்ஸுக்கென்றே வடிவம் வைத்திருக்கும் கவுண்ட்டர்-ஸ்ட்ரைக் 2இல் கள்ளாட்டம் பற்றிய புலம்பல் ஓய்ந்தபாடில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசவேண்டும்.

ஆனால் கேட்கப்படும் விலை என்ன என்று பாருங்கள். சீட்டாட வருகிறவன் கள்ளச்சீட்டு வைத்திருக்கிறானா என்று ஆடுமிடத்தில் சோதிப்பது ஒன்று. அவன் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் ஆடாத நாளிலும் உள்ளே ஓர் ஆளை உட்காரவைப்பது வேறு. அந்த ஆளின் ஒரு தவறு என்ன செய்யும் என்பதற்கு விளையாட்டு உலகத்துக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திணறின. அந்த நிரலும் கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்ததுதான்.

லினக்ஸ் வைத்திருப்பவன் தன் கெர்னலைத் தானே திருத்தித் தானே கட்டிக்கொள்ளலாம். அவன் கணிப்பொறியில் இறுதி அதிகாரம் அவனுடையது. அந்த அதிகாரத்தையே குற்றத்துக்கான முகாந்திரமாக இங்கே வாசிக்கிறார்கள். வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு எஜமானனாக இருப்பதே சந்தேகத்துக்குரியது என்பதுதான் இந்தச் சொல்லாடலின் அடிநாதம்.

4

இது என் மிகையான வாசிப்பு என்று தோன்றினால் ஸ்ட்ரீமிங்கைப் பாருங்கள். விளையாட்டு எங்கேயோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் ஓடும், அதன் படம் மட்டும் உங்களுக்கு வரும், உங்கள் விரலசைவு அங்கே போகும். போர்ட்நைட் விளையாட்டை அதன் கம்பெனி புரோட்டானில் அனுமதிப்பதில்லை. அதே விளையாட்டை என்விடியாவின் ஜீஃபோர்ஸ் நவ் சேவை வழியாக லினக்ஸ் ஓடும் ஸ்டீம் டெக்கில் ஆடலாம். 2025 மே மாதம் டெக்குக்கென்றே அந்தச் சேவையின் செயலியும் வந்தது. ஆக, லினக்ஸ் பயனர் என்பதால் யாரும் கள்ளாட்டக்காரர் ஆகிவிடவில்லை. தன் கணிப்பொறியில் ஓட்டுகிற லினக்ஸ் பயனரைத்தான் நம்பமாட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் என்றால் வரவேற்பு உண்டு.

ஸ்டேடியாவின் கதை இன்னும் கூர்மையானது. கூகுள் 2019 நவம்பரில் தொடங்கிய அந்தச் சேவையின் கணிப்பொறிகளில் ஓடியது லினக்ஸ், சித்திர மொழி வல்கன். அதற்கு வந்த விளையாட்டுகள் லினக்ஸில் ஓடும்படி மாற்றப்பட்டன. லோகி கனவு கண்ட முதல்நூல்கள் கடைசியில் எழுதப்பட்டுவிட்டன. எழுதப்பட்டவை கூகுளின் கட்டடங்களுக்குள் இருந்தன. 2023 ஜனவரி 18 அன்று ஸ்டேடியா மூடப்பட்டபோது அந்த வடிவங்கள் லினக்ஸ் பயனர்களுக்கு வந்து சேரவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது நாணயம்தான். ஆனால் அவுட்காஸ்டர்ஸ் மாதிரி ஸ்டேடியாவுக்கு மட்டுமே எழுதப்பட்ட விளையாட்டு அந்தச் சேவையோடு போயிற்று. வைத்து ஆட யாரிடமும் பிரதி இல்லை. பிரதியே கைக்கு வராத வாசிப்பில் மொழிபெயர்ப்பாளனுக்கு என்ன வேலை? வைன் மாதிரியான ஒரு முயற்சி ஸ்ட்ரீமிங்கில் தொடங்கவே முடியாது.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் கணிப்பொறியிலிருந்து கட்டிலில் இருக்கும் டெக்குக்கு ஸ்ட்ரீம் செய்யலாம். சன்ஷைன் அனுப்பும், மூன்லைட் வாங்கும், இரண்டும் திறந்த நிரல்கள். மூன்லைட் முதலில் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் என்ற வசதியை நம்பியிருந்தது. 2023இல் என்விடியா அதை நிறுத்தியபோது மூன்லைட் சாகவில்லை. அனுப்பும் பக்கத்தைச் சன்ஷைன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. நுட்பம் ஒன்றுதான். ஒன்றில் வீடு உங்களுடையது, மற்றதில் அவர்களுடையது.

5

வி.ஆர். எனப்படும் மெய்நிகர் உலகத்தில் லினக்ஸ் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே மொழிபெயர்ப்பதற்கு நிரல் மட்டும் இல்லை, தலையில் மாட்டும் கருவியும் இருக்கிறது. 2014இல் பேஸ்புக் வாங்கிய ஆக்குலஸ், 2015 மே மாதம் லினக்ஸுக்கான வேலையை நிறுத்தி வைத்தது. ஸ்டீம்வி.ஆர். 2017இல் சோதனை நிலையில் லினக்ஸுக்கு வந்தது. வந்ததும் ஓர் அடிப்படைச் சிக்கல்: மாட்டிக்கொண்ட கருவியை லினக்ஸ் இன்னொரு மானிட்டர் என்று நினைத்து அதில் திரையை விரித்துவிடும். அந்தத் திரையை மட்டும் ஒரு நிரலுக்குக் குத்தகைக்கு விடும் ஏற்பாடு 2018 ஜனவரியில் வந்த 4.15 கெர்னலில்தான் அமைந்தது. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் 2020 மார்ச்சில் வெளியாகி, மே மாதம் லினக்ஸுக்கு வந்தது. அது ஒரு விளையாட்டு. பின்னால் பெரிய ஊர்வலம் எதுவும் வரவில்லை.

மெட்டாவின் குவெஸ்ட் கருவி ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, அதாவது உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல். 2020இல் குவெஸ்ட் 2 வந்தபோது பேஸ்புக் கணக்கு இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது என்றார்கள், 2022இல்தான் அது தளர்ந்தது. லினக்ஸ் உள்ளே இருப்பதாலேயே வீடு நம்முடையதாகிவிடாது என்பதற்கு ஸ்டேடியாவும் குவெஸ்ட்டும் இரண்டு சாட்சிகள். எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு. ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொது இலக்கணத்தை மோனாடோ என்ற திறந்த நிரல் லினக்ஸில் செயல்படுத்துகிறது. அதன் மேல் கட்டப்பட்ட வைவிஆர்என், லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து குவெஸ்ட்டுக்கு விளையாட்டை அனுப்புகிறது. பொறுமைசாலிகளுக்கான ஏற்பாடு, அடிக்கடி முறுக்கிக்கொள்ளும். ஆனால் இருக்கிறது.

2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் என்ற தலைக்கருவியில் இந்தக் கட்டுரையின் எல்லா இழைகளும் வந்து முடிச்சிட்டுக்கொள்கின்றன. அதிலுள்ளது கைபேசி வகை ஆர்ம் செயலி, இயங்குதளம் லினக்ஸ். எக்ஸ்86 செயலிக்கு எழுதப்பட்ட விண்டோஸ் விளையாட்டு அதில் ஓட, செயலியின் மொழியை ஃபெக்ஸ் மாற்றும், இயங்குதளத்தின் மொழியைப் புரோட்டான் மாற்றும். ஸ்பானிய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழில் படித்து வளர்ந்த நமக்கு இந்த இரட்டை மொழிபெயர்ப்பு பழக்கமானதுதான். வேறு கணிப்பொறியிலிருந்து ஸ்ட்ரீம் செய்யும்போது, உங்கள் கண் எங்கே பார்க்கிறது என்று கருவி கவனித்து, அந்த இடத்தை மட்டும் துல்லியமாக அனுப்பும். சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் கண் போகும் இடத்தை ஒரு நிரல் கணந்தோறும் அறிந்துகொண்டிருக்கிறது என்றால், அந்த நிரல் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். கெர்னலுக்குள் உட்கார்ந்தவனைப் பற்றிக் கேட்ட அதே கேள்வி, இப்போது பார்வைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

6

சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2012இலேயே, பூட்டு போட்ட விளையாட்டுகள் லினக்ஸுக்கு வருவதில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்று எழுதினார். ஆட்களை விண்டோஸிலிருந்து அழைத்துவரும், ஆனால் சுதந்திரம் எதற்கு என்பதை அவர்கள் கற்றுக்கொள்ளாமலே போகக்கூடும். அந்த எச்சரிக்கை இன்றும் நிற்கிறது. ஸ்டீம் பூட்டிய கடைதான், அதன் சாவி வால்விடம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் தற்காப்பு உணர்ச்சி மாறினால் என்ன ஆகும் என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

ஆனாலும் தூய்மைவாதிகளோடு நான் போகவில்லை. வால்வ் நாளைக்கே கடையைச் சாத்தினாலும் வைனும் டிஎக்ஸ்விகேயும் கெர்னலுக்குள் போன என்டிசிங்கும் இருக்கும். ஸ்டீம் இல்லாமலே லூட்ரிஸ், ஹீரோயிக் போன்றவை வழியாக அவற்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 2002இல் மாற்றிய உரிமம் இன்று பேசுகிறது.

விண்டோஸ் 10ஐக் கைவிட்டு லினக்ஸுக்கு வரும் நண்பர் யாராவது 'என் கேம் ஓடுமா?' என்று கேட்டால் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லலாம், தப்பில்லை. ஓடாது என்று இருப்பவற்றுக்குப் பக்கத்தில் காரணத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லவேண்டும். பெரிய விளையாட்டுகள் பலவற்றில் அந்தக் காரணம் மொழிபெயர்க்க முடியாமை இல்லை. மொழிபெயர்த்தாயிற்று, வாசகன் தன் வீட்டிலிருந்து வாசிக்கக் கூடாது என்கிறார்கள், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு அவர் விண்டோஸுக்கே திரும்பிப் போனாலும் போகட்டும். சாவியை எதற்காக, யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பார்.